கொன்ரெய்னர் வெளிக்கிட்டுது

ஆறு நாள்.
ஏழாம் நாள் விடிய நாலு மணிக்குக்
குந்தியிருக்கிறேன்.
சுவரில் ஒட்டியிருக்கும் தவளை என்னைப் பார்க்கிறது,
நான் அதைப் பார்க்கிறேன்,
இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லாததுபோல.
ஐந்தேகாலுக்கு விசுவமடுச் சந்தியில் பஸ்.

வந்தது கொஞ்சம். கல்லு.
கூடவே ஒரு சொட்டு இரத்தம்.
மகனைப் பெத்த அண்டைக்கும்
இப்படி ஒரு கதவுக் கொளுக்கியை நான் பிடித்ததில்லை.

எனக்கு வேலை இடுப்பு லாஸ்ரிக் தைப்பது.
எங்கேயோ ஒரு குளிர்நாட்டில்
முகம் தெரியாத ஆம்பிளைகள் போட்டுக்கொண்டு உட்காரப்போகும் களிசான்,
மணிக்கு எண்பது.
அவர்கள் வடிவாய் இருக்கட்டும்.
நான் ஒரு பக்கமாய்ச் சரிந்து
மற்றப் பக்கத்தை ஸ்ரூலுக்கு வெளியே விட்டுத் தைக்கிறேன்.

லைனில் முப்பத்தியொரு பேர்.
ரொயிலற் போக ஒரேயொரு காட்,
சுப்பவைசர் மேசையில் சிவப்புக் கயிற்றில் தொங்கும்.
எடுத்தால் நேரம் எழுதுவா.
எடுக்காமல் இருக்க ஒரு வழி,
குடிக்காமல் இருப்பது.
காலமை கொண்டுபோன போத்தலைப்
பின்னேரம் அப்படியே கொண்டுவந்து
வாசல் செவ்வந்திக்கு ஊத்துவேன்.
செவ்வந்தி நல்லாய்ப் பூத்தது.

சாப்பாட்டைக் கேட்காதேங்கோ.
விடிய பாணும் சம்பலும்.
பத்து மணிக்கு விசுக்கோத்து.
மத்தியானம் வெள்ளைச் சோறு, பருப்பு.
இரவு வந்து விழுகிற களைப்புக்குத்
திரும்பவும் அதே பாண்.

ஆஸ்பத்திரியில் பொம்பிளை டொக்டர்
பேனையை மூடிவைத்துவிட்டுக் கேட்டா:
"கடைசியாய் எப்ப கீரை சாப்பிட்டனீங்கள்?"
பொலிஸ் கேட்டிருந்தால்கூட
இவ்வளவு நேரம் யோசித்திருக்கமாட்டேன்.
தண்ணியைப் பற்றியும் ஏதோ சொன்னா.
எனக்குக் காதில் ஏறியது நார்ச்சத்து மட்டும்.
நாள் முழுக்க நூலுக்குள் கிடக்கிறவளுக்கு
நார் காணாதாம்.

அடுத்த நாளே தொடங்கினேன்.
குரக்கன் புட்டு.
தீட்டாத மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு.
வேலியில் சும்மா நின்ற முருங்கை
ஒரு கிழமையில் மொட்டையாய்ப் போனது.
பனங்கிழங்கு அவித்துத்
துப்புகிற தும்பையும் விடாமல் சப்பினேன்.
வீட்டுக்காரர் சந்தையிலிருந்து
இதரை வாழைக்குலை ஒன்றை மோட்டச்சைக்கிளில் கட்டிவந்து
குசினிக்குள் தொங்கவிட்டார்,
ஒன்றும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு
வயிறு சீமெந்து மூட்டை.

பக்கத்து மெஷின் தர்மிலா.
இரணைமடுத் தண்ணியில் வயல் செய்கிற வீட்டுக்காரி.
எல்லாம் கேட்டுவிட்டு
நூலைப் பல்லால் கடித்தபடி சொன்னாள்:
"வாய்க்காலைப் பூட்டி வைச்சுக்கொண்டு
வயலுக்கு உரம் போடுறாய்."

அன்றைக்குப் பத்து மணிக்கு முன்னம்
போத்தலைத் திறந்தேன். முழுதும்.
பதினொன்றுக்கு எழும்பிக் காட்டை எடுத்தேன். எழுதினா.
ஒன்றேகாலுக்குத் திரும்பவும். எழுதினா.
அந்தக் கிழமை முழுக்க அந்தக் கொப்பியில்
என் பேர் வாய்ப்பாடு மாதிரிக் கிடந்தது.
ரார்கெட் விழுந்தது.
ஊக்கப்பணம் எழுநூறு ரூபா வெட்டு.
எழுநூறுக்கு எத்தனை பப்பாசி என்று
பஸ்ஸில் கணக்குப் பார்த்தேன்,
கோபம் அடங்கவில்லை.

வியாழன் விடிய.
அதே தவளை.
கொளுக்கி தன்பாட்டில் தொங்குகிறது.
வீட்டுக்கு வந்த நல்ல மனிசர் ஒருவர்
"அப்ப வாறன்" என்று எழும்பிப் போவதுபோல
போனது.
நான் சிரித்தேன்.
தவளை பாய்ந்து வாளிக்குள் விழுந்தது.

தர்மிலாவும் நானும் அதற்கொரு பாஷை வைத்திருந்தோம்.
தலை நிமிராமல் கேட்டாள்:
"கொன்ரெய்னர்?"
"வெளிக்கிட்டுது."
முன்வரிசையில் மூன்று பேர் திரும்பிச் சிரித்தார்கள்.
அந்தப் பாஷை
எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

சாப்பாட்டு நேரம் சுப்பவைசர் வந்தா.
கொப்பியை நெஞ்சோடு அணைத்துச்
சுற்றுமுற்றும் பார்த்து, மெல்லமாய்:
"அந்தக் குரக்கன்மா... எங்க வாங்கினனீங்கள்?"

முதலில் தண்ணி குடியுங்கோ, மிஸ், என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா.
"என்ரை நேரத்தை
மேலை ஒருத்தன் எழுதுறான்" என்றா.